விறைக்கும் தரை, வியர்க்கும் தரை

டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை தை மாதத்தில் போன் போட்டுப் புலம்பினாள். "அண்ணே, பிள்ளை ரூம்ல தரையில கால் வைக்க முடியல. ஹீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கு, தரை மட்டும் ஐஸா கிடக்கு." அந்த அறைக்குக் கீழே வீடு கிடையாது. கார் நிறுத்தும் திறந்தவெளி. அன்று வெளியே மைனஸ் 15 டிகிரி.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடியறையும் அதே அமைப்புதான். கீழே நான்கு தூண், ஒரு பைக், பழைய வலை, காய்ந்த தேங்காய் மட்டை, மேலே ஏ.சி. போட்ட அறை. மார்கழியிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில் தரை சில்லிட்டால் கொண்டாட்டம்தான். எங்கள் தொல்லை வேறு. ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்த சிறிது நேரத்தில் டைல்ஸ் வியர்த்துவிடும். அம்மா ஒருநாள் வழுக்கி, கட்டில் காலைப் பிடித்துத் தப்பித்தார்.

இரண்டும் ஒரே வெப்பக்காப்புக் கணக்குதான். ஆனால் அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்தால் வீடு கெட்டுவிடும்.

முதலில் கால் என்ன உணர்கிறது என்று பார்ப்போம். 'குளிர் ஏறுகிறது' என்று சொல்கிறோம். உண்மையில் ஏறுவது எதுவுமில்லை, காலிலிருந்து வெப்பம் இறங்குகிறது. ஒரே அறையில் கிடக்கும் கோரைப்பாயும் கிரானைட்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். பாயில் கால் வைத்தால் ஒன்றும் தெரியாது, கிரானைட்டில் சுருக்கென்கிறது. கால் தோல் 32 டிகிரி, தரை 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கருங்கல்லில் கால் பட்ட இடம் உடனே 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடும். மரப்பலகையில் 30 அளவிலேயே நிற்கும். கல் வெப்பத்தை வேகமாக வாங்கி உள்ளே கடத்துகிறது, மரம் அப்படிச் செய்வதில்லை. கோரைப்பாய் இன்னும் மந்தம், ஏனென்றால் அதில் பாதி காற்றுதான்.

அசையாத காற்றுதான் இந்தக் கதையின் நாயகன். தெர்மாக்கோல், கண்ணாடிப் பஞ்சு, பனையோலைக் கூரை எல்லாமே காற்றை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் பைகள். கான்கிரீட்டில் அது இல்லை. 15 செ.மீ. கான்கிரீட் தளம் வெப்பத்தை எவ்வளவு தடுக்குமோ, அவ்வளவையும் 3 அல்லது 4 மி.மீ. தெர்மாக்கோல் தடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டாம் முறை போட்டேன். 'தளம் நல்ல கனம் சார், சூடு இறங்காது' என்று கொத்தனார் சொல்வதில் பாதிதான் சரி. கனமான தளம் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மாலையில் வரவேண்டிய சூடு நாம் படுக்கும் நேரத்துக்கு வந்து சேரும்.

தங்கை வீட்டுக்கு வருவோம். அங்கே தரை மரம். சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சு ஏற்கெனவே இருக்கிறதாம், பிறகேன் குளிர்கிறது? பஞ்சு கொஞ்சம் தொங்கி, தரைப்பலகைக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. வெளிக்காற்று அந்த இடைவெளியில் ஓரமாகப் புகுந்து ஓடினால் பஞ்சு இருந்தும் இல்லாத மாதிரிதான். போர்வையைப் போர்த்தாமல் காற்றாடிக்குக் கீழே விரித்துவைத்ததற்குச் சமம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வீட்டுக்குள் சூடான காற்று லேசாகி மேலே போய், கூரைப் பக்கத்துச் சந்துகளில் வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் குளிர்காற்றை உறிஞ்சும். குழாய் ஏறும் துளை, வயர் இறங்கும் துளை, பலகை சந்திக்கும் விளிம்பு எல்லாமே உறிஞ்சுகுழல்கள்தான். அதனால் அங்கே முதல் வேலை பஞ்சு வாங்குவது அல்ல, ஓட்டை அடைப்பது. அப்புறம் பஞ்சைத் தரைப்பலகையோடு ஒட்டி நிற்கும்படி முழுக்க நிரப்பி, அடியில் காற்றுப் புகாத பலகை அடிக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே தண்ணீர்க் குழாய் போனால் அதைப் பஞ்சுக்கு மேலே, வீட்டுப் பக்கமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் உறைந்து வெடிக்கும்.

இதையே மண்டபத்தில் செய்தால்? கிட்டத்தட்ட செய்திருப்போம். ஏ.சி. கரண்ட் பில்லைப் பார்த்து, தளத்துக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு அடித்து ஃபால்ஸ் சீலிங் போட்டுத் தருவதாக ஒருவர் விலை சொல்லியிருந்தார். நல்லவேளை, பணம் இல்லை.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஈரத்தோடுதான் வரும். இரவு 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 25 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்றிலிருக்கும் நீராவி தண்ணீராகப் படியும், ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்புறம் நனைவது போல. ஏ.சி. 22 டிகிரிக்கு இழுத்துவைத்த டைல்ஸ் மேல் ஜன்னல் வழியே அந்தக் காற்று வந்து விழுவதுதான் அம்மாவை வழுக்கிவிட்டது.

பஞ்சு அடித்தால் தளத்தின் அடிப்பக்கம் வெளிச்சூட்டிலிருந்து பிரிந்து, அறையைப் போலவே 22, 23 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். பஞ்சு வெப்பத்தைத்தான் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. ஈரக்காற்று பஞ்சின் ஊடே ஏறித் தளத்தைத் தொட்டதும் தண்ணீராகும். வெளியே யாருக்கும் தெரியாமல் பஞ்சு நனையும், பூஞ்சை பிடிக்கும், உப்புக்காற்றோடு சேர்ந்து கம்பியைத் தின்னும். பஞ்சு இல்லாத வெறும் தளத்தில் இந்தத் தொல்லை குறைவு. வெளிச்சூடு அதன் அடிப்பக்கத்தைப் பெரும்பாலும் பனிநிலைக்கு மேலேயே வைத்திருக்கும்.

கனடாவில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது, இங்கே வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. அதனால் நீராவி புகாமல் தடுக்கும் படலம் அங்கே மேலே, தரைப்பலகையை ஒட்டி. இங்கே கீழே, வெளிக்காற்றைப் பார்த்தபடி. எங்கள் பக்கம் செய்வதென்றால் பஞ்சு வேண்டாம். தண்ணீர் உறிஞ்சாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட எக்ஸ்.பி.எஸ். என்ற கெட்டி நுரைப் பலகையை இடைவெளியே இல்லாமல் தளத்தோடு பசைபோட்டு ஒட்டி, இணைப்புகளை டேப்பால் அடைக்க வேண்டும். 5 செ.மீ. போதும், வெறும் தளத்தைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் தடுக்கும். உத்தரங்களையும் சேர்த்து மூடவேண்டும், விட்டால் வெப்பம் அந்த வழியாகப் போய்வரும். இந்தப் பலகை தீப்பிடிக்கும், உருகிச் சொட்டும். கீழே பைக் நிற்கிறது, சிலர் அங்கேயே பேட்டரி வண்டிக்குச் சார்ஜும் போடுகிறார்கள். அதனால் சிமென்ட் பலகையால் மூடாமல் விடக்கூடாது. ஆணியும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், இந்தக் காற்றில் சாதாரண இரும்பு தாங்காது.

ஏ.சி. இல்லாத அறையா? எதுவும் செய்யாதீர்கள். நாள் முழுக்க நிழலில், காற்றோட்டத்தில் இருக்கும் அந்தத் தரைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். அதை மூடினால் மதியத் தூக்கம்தான் போகும். கையில் காசு இருந்தால் மொட்டை மாடிக்குப் போடுங்கள், வெயில் அடிப்பது அங்கேதான்.

நாங்கள் இன்னும் ஒட்டவில்லை. ஏ.சி.யை 26-ல் வைத்திருக்கிறோம். அணைத்த பிறகு ஜன்னலை அரைமணி நேரம் திறப்பதில்லை. டைல்ஸ் வியர்ப்பது நின்றுவிட்டது. பலகை ஒட்டுவதற்கு முன் தளத்தின் அடியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னார் தெரிந்த பொறியாளர். கம்பி துருப்பிடித்துக் காரை விட்டிருந்தால் உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் பொத்தலாகக் கேட்குமாம். தட்டினேன். தென்கடலைப் பார்த்த மூலையில் ஒரு முழ அகலத்துக்குப் பொத்தல் சத்தம். அதைச் சரிசெய்யக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.