பழைய கார் ஏசிக்கு கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதுமா?

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கான்டெஸா, பத்மினி, எண்பதுகளின் பென்ஸ் என்று பழைய வண்டிகள் எங்கள் ஒர்க் ஷாப் பக்கம் வர ஆரம்பிக்கும். வருகிற பலரும் சொல்வது ஒன்றுதான்: "கம்ப்ரஸர் ஜாம் ஆயிடுச்சாம் சார், அதை மட்டும் மாத்திக் குடுங்க." சிலர் சென்னை புதுப்பேட்டையில் ஒரு கம்ப்ரஸரை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். கழற்றி மாட்டுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் பழையது ஏன் ஜாம் ஆனது என்று பார்க்காமல் மாட்டினால், புதியதும் அடுத்த கோடைக்குள் அதே மாதிரி நிற்கும்.

குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் தானாகக் கெடுவது குறைவு. வேறு எங்கோ இருக்கும் கோளாறு கடைசியில் அதன் தலையில் வந்து விடியும். இன்ஜினுக்கு இருப்பதுபோல் இதற்குத் தனி ஆயில் பம்ப்பும் ஓயாத ஆயில் ஓட்டமும் கிடையாது. பெரும்பாலான கார் ஏசிகளில் ஆயில் கேஸோடு கலந்து பைப், வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், கேபினைக் குளிரவைக்கும் கூலிங் காயில் எல்லாம் சுற்றித் திரும்பி வந்தால்தான் உள்ளே மசகு. கேஸ் லீக் ஆனால் ஆயிலும் கசியும். கேஸ் குறைந்தால், இருக்கிற ஆயிலும் திரும்பி வராது.

பழைய வண்டியில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. அவை ஆர் 12 கேஸுக்கும் மினரல் ஆயிலுக்கும் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களைக் குறைக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்தியா போன்ற நாடுகளும் 2010 ஜனவரி 1 முதல் ஆர் 12ஐ நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கார்களுக்கு வந்தது ஆர் 134ஏ. இது மினரல் ஆயிலோடு கலக்காது. பழைய ஆயில் உள்ளே இருக்கும்போதே 134 கேஸை ஏற்றினால், ஆயில் கூலிங் காயிலின் அடியில் போய்த் தங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், கூலிங் நன்றாகவே வரும். ஓனர் சந்தோஷமாக வண்டியை எடுத்துப்போவார். கொஞ்ச நாளில் கரகர சத்தம், அப்புறம் பெல்ட் தேயும் நாற்றம்.

அதனால் 134 கேஸுக்கு மாறும் வண்டியில் பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, லைனை உள்ளே கழுவி ஃப்ளஷ் செய்து, எஸ்டர் ஆயிலோ பிஏஜி ஆயிலோ ஊற்ற வேண்டும். கொஞ்சம் மினரல் ஆயில் எங்காவது மிச்சமிருந்தாலும் எஸ்டர் தாங்கிக்கொள்ளும் என்பதால் பழைய வண்டிகளுக்கு நான் அதையே விரும்புகிறேன். அக்காலத்து ரப்பர் ஹோஸ்கள் வழியாக 134 மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றுக்குப் பதில் உள்ளே நைலான் அடுக்கு உள்ள ஹோஸ் போடுவது நல்லது. ஓ ரிங்குகளையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றாமல் வேலையை முடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிஸ்டத்தைத் திறந்தாலே ட்ரையர் புதிது, அதில் பேரமே இல்லை.

கழற்றிய கம்ப்ரஸரில் இருந்து வரும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்து, வெள்ளிப்பொடி மாதிரி மின்னினால் உள்ளே உலோகம் அரைபட்டு லைன் முழுக்கப் பரவியிருக்கிறது. பழைய குழாய் வகைக் கண்டென்சரை ஃப்ளஷ் செய்து காப்பாற்ற முடியும். பிற்பாடு யாராவது பேரலல் ஃப்ளோ கண்டென்சர் மாட்டியிருந்தால், அதன் நுண்ணிய துளைகளில் சிக்கிய துகள் வெளியே வராது. அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் அதோடு போகும்.

கண்டென்சர் விஷயத்தைச் சென்னைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு அலுமினிய ஃபின்கள் கையால் தொட்டாலே உதிரும். வெப்பம் வெளியேறாது. 60 டிகிரியில் ஆர் 12ஐவிட ஆர் 134ஏவின் அழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் அதிகம். இதோடு கத்திப்பாராவில் டிராஃபிக்கில் நின்றால், இன்ஜினோடு சுற்றும் பழைய ஃபேன் ஐடிலில் போதுமான காற்று இழுக்காது. ஹை பிரஷர் எகிறி கம்ப்ரஸர் வாட்டப்படும். கண்டென்சருக்கு ஒரு எலக்ட்ரிக் ஃபேனும், பிரஷர் எல்லை மீறினால் கம்ப்ரஸரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்சை நிறுத்தும் ஸ்விட்சும் போடாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை.

இனி எந்தக் கம்ப்ரஸர் என்ற கேள்வி. நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர் யார்க் வகை ஆட்டம் அதிகம், ஆனால் ரிப்பேர் பார்க்கலாம். பின்னாளைய டபிள்யூ 123 மாடல் பென்ஸ்கள் பலவற்றில் இருக்கும் டெல்கோ ஆர் 4 லீக்குக்குப் பேர்போனது. பத்மினி, அம்பாஸடர் மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஐந்து சிலிண்டர் 508 மாடல் கம்ப்ரஸர்தான் மாட்டுகிறோம். ஜி.பி. ரோட்டில் 508 என்று கேட்டால் உடனே கிடைக்கும். கிளட்ச் காயில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். பஸ், லாரிக்கான 24 வோல்ட் காயில் காரில் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும், கிளட்ச் எரிந்துபோகும். புல்லியில் எத்தனை பள்ளம், பைப் சேரும் இடம் மேலா பின்னாலா என்பதும் மாறும். பிராக்கெட் வெல்டிங்கில் கொஞ்சம் சாய்ந்தாலும் பெல்ட் தின்னும்.

டைனமோ உள்ள வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டர். பழைய டைனமோ தருவதே 20 ஆம்பியர் சொச்சம், ஐடிலில் அதுவும் வராது. கிளட்ச், புளோவர், ஃபேன், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தால் பேட்டரி ராத்திரியிலேயே படுத்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு காலை ஈ.சி.ஆர். போய்வரும் பத்மினிக்கு ஏசியே வேண்டாம் என்பேன். குவார்ட்டர் கிளாஸைத் திறந்தாலே போதுமே!

லீக் பார்ப்பது காய்ந்த நைட்ரஜனை ஏற்றித்தான், சாதாரணக் காற்றடித்து அல்ல. பிறகு வேக்யூம் பம்ப்பை 45 நிமிடமாவது ஓடவிட்டு, நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேக்யூமில் தண்ணீர் நம் ஊர் வெயிலிலேயே கொதித்து ஆவியாகும், அப்படித்தான் ஈரம் வெளியேறும். ஐப்பசி மழையில் இதற்கு இன்னும் நேரம் கொடுக்கிறோம். ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி உள்ளே அரிக்கும். கேஸையும் எடைபோட்டு ஏற்ற வேண்டும். ஆர் 12 ஒரு கிலோ பிடித்த வண்டிக்கு 134 கேஸ் 800 முதல் 850 கிராம்தான் போகும்.

"12 கேஸ் ஸ்டாக் இருக்கு" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். சில இடங்களில் சமையல் கேஸ் வகை வாயுவையே ஏற்றுகிறார்கள். கூலிங் காயில் லீக் ஆனால் அது கேபினுக்குள் வரும், ஒரு சிகரெட் போதும். போலி 134 சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு கலந்தது இன்னும் மோசம். அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011இல் வியட்நாமில் இப்படிக் கலப்பட கேஸ் ஏற்றிய குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். 508இன் உடம்பும் அலுமினியம்தான்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் கேஸ் வகை, எத்தனை கிராம், ஆயில் வகை, தேதி நான்கையும் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, மார்கழியானாலும், பத்து நிமிடம் ஏசியைப் போட்டு ஓட்டுங்கள். சும்மா நிற்கும் வண்டியில்தான் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் போகிறது.