நரிட்டாவில் ஏழெட்டு மணி நேரம் கிடைத்தால் டோக்கியோவை நினைக்காதீர்கள்

ஜப்பான் வழியாக அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், படிக்கப் போகும் பிள்ளைகள், வேலை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "நடுவுல நரிட்டால எட்டு மணி நேரம் இருக்கே, டோக்கியோ பார்த்துட்டு வந்துடலாமா?"

டோக்கியோ வேண்டாம், நரிட்டாவையே பாருங்கள் என்பேன். விமான நிலையத்தின் பெயரில் இருப்பது ஒரு நிஜமான ஊர். ஆயிரம் வருடக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. ரயிலில் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே போக முடியுமா என்பது டிக்கெட் வாங்கும் அன்றே முடிவாகிவிடும். அங்கே போய் இறங்கிய பிறகு யோசித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஜப்பானுக்குள் கால் வைக்க விசா வேண்டும். ஒரு மணி நேரம் என்றாலும் வேண்டும். கையில் அமெரிக்க விசா இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. வேறு சில நாடுகள் அப்படிச் சலுகை தருகின்றன, ஜப்பான் தருவதில்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்கும் பயோமெட்ரிக் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மலேசியர்களுக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் சுலபமாக வெளியே போய்விட்டு வந்தார் என்பதை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

ஷோர் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு வெளியே போகலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு அனுமதி இருப்பது உண்மைதான். ஆனால் விமான நிறுவனம் விண்ணப்பிக்க, இமிக்ரேஷன் அதிகாரி பார்த்து மனம் வைத்தால்தான் கிடைக்கும். உரிமையாகக் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை. அதை நம்பி ஊர் சுற்றத் திட்டம் போடாதீர்கள். டிரான்சிட் விசாவோ சுற்றுலா விசாவோ முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மின்விசாவாகக் கிடைத்தால் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். விசா அறிவிப்பை இணையத் தொடர்போடு போனில் திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிரிண்ட் அவுட் எதுவும் செல்லாது. நம் ஊர் செக்-இன் கவுன்ட்டரிலேயே இதைக் கேட்பார்கள். போனில் டேட்டா இருக்கட்டும், சார்ஜும் இருக்கட்டும்.

சரி, நான் வெளியே போகவே இல்லை, உள்ளேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்பவர்களுக்கு விசா தேவையா? ஒரே டிக்கெட், ஒரே விமான நிலையம், பெட்டி நேராகக் கடைசி ஊருக்கு டேக் ஆகியிருக்கிறது என்றால் தேவையில்லை. ஆபத்து இருப்பது மற்ற இரண்டு வகையில். அதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று, விலை குறைவாக இருக்கிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுப்பது. தன் மகனைப் பார்க்கக் கிளம்பிய ஒரு பெரியம்மா, எல்லாம் முடிந்து விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். மகன் ஏதோ ஒரு தளத்தில் நரிட்டா வரை ஒரு டிக்கெட், நரிட்டாவிலிருந்து வேறொரு டிக்கெட் என்று எடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு பிஎன்ஆர், அதாவது தனித்தனி முன்பதிவு எண்கள். பெட்டியை நரிட்டாவில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும். அதற்கு விசா வேண்டும். அவரிடம் இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர்கள் போர்டிங் பாஸ் தரவில்லை. அவர்கள் செய்தது விதிப்படி சரி. அந்த அம்மா ஊறுகாய் பாட்டில்களோடு வீடு திரும்பினார். இரண்டு டிக்கெட்டின் பணமும் போனது.

இன்னொன்று, ஹனேடாவில் இறங்கி நரிட்டாவில் ஏறுவது. இரண்டையும் டோக்கியோ என்றே திரையில் காட்டுவார்கள். ஹனேடா நகரத்தை ஒட்டி இருக்கிறது. நரிட்டா நகரின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, சிபா மாகாணத்தில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாலை நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். இதற்கும் ஜப்பானுக்குள் நுழைந்தாக வேண்டும், அதாவது விசா. டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியீடு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பு பாருங்கள். நரிட்டாவுக்கு என்ஆர்டி, ஹனேடாவுக்கு ஹெச்என்டி.

இதெல்லாம் சரியாக இருந்தால், இப்போது நேரத்தைக் கணக்குப் போடலாம். இறங்கிய நேரத்திலிருந்து இமிக்ரேஷன், சுங்கம் தாண்டி வெளியே வர ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்களிடம் கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள். வரிசை நீளமாகவே இருக்கும். விசிட் ஜப்பான் வெப் என்ற அரசுத் தளத்தில் முன்பே விவரம் பதிந்து க்யூஆர் கோடு வைத்திருந்தால் கொஞ்சம் வேகமாகும். திரும்பும்போது, விமானம் கிளம்ப இரண்டரை மணி நேரம் முன்பு டெர்மினலுக்குள் இருக்க வேண்டும் என்பது நான் எல்லாருக்கும் சொல்லும் கணக்கு. ஆக எட்டு மணி நேரத்தில் நான்கு போய்விட்டது. மீதி நான்கில் டோக்கியோ போக ஒரு மணி, வர ஒரு மணி. ஸ்கைலைனர் ரயில் டோக்கியோவின் நிப்போரி ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிடத்துக்குள் போய்விடுகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பிளாட்பாரம் தேடுவது, டிக்கெட் எடுப்பது, அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பது, நிப்போரியிலிருந்து வேறு ரயில் மாறுவது எல்லாம் அந்த நாற்பதில் சேராது. டோக்கியோவில் எல்லாரும் படம் எடுக்கும் ஷிபுயா சிக்னலில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு ஓடி வருவதற்கு இவ்வளவு பதற்றம் தேவையா?

இன்னொரு காரணமும் உண்டு. 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் புயல் அடித்தபோது நரிட்டாவிலிருந்து வெளியே போகும் ரயிலும் சாலையும் முடங்கி, பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று இரவு டெர்மினலிலேயே படுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தை நிலத்தோடு இணைக்கும் ஒரே பாலத்தில், ஜெபி புயலில் அலைக்கழிந்த எண்ணெய்க் கப்பல் மோதியது. நிலநடுக்கம் வந்தால் தண்டவாளத்தைச் சோதித்துவிட்டுத்தான் ரயிலை விடுவார்கள். ஒரு மணி தூரத்தில் மாட்டிக்கொண்டால் விமானம் போய்விடும். பத்து நிமிட தூரத்தில் மாட்டிக்கொண்டால் டாக்சி பிடித்து வந்துவிடலாம்.

நரிட்டா ஊருக்குப் போக கெய்செய் ரயில் வசதியானது. கட்டணம் முந்நூறு யென்னுக்குள்தான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கெய்செய் நிறுவனத்துக்கு இரண்டு தடங்கள். பழைய கெய்செய் மெயின் லைன்தான் நரிட்டா ஊர் வழியாகப் போகும். 2010-இல் திறந்த ஸ்கை ஆக்சஸ் தடத்தில் ஓடும் ஆக்சஸ் எக்ஸ்பிரஸ் அந்த ஊர்ப்பக்கமே போகாது. அதில் ஏறினால் வேறு வழியில் டோக்கியோ பக்கம் போய்க்கொண்டே இருப்பீர்கள். ஏறும் முன்பு ஊரின் ஸ்டேஷனான கெய்செய் நரிட்டாவில் நிற்குமா என்று பலகையைப் பாருங்கள், அல்லது பிளாட்பாரத்தில் நிற்கும் ஊழியரிடம் "கெய்செய் நரிட்டா?" என்று கேளுங்கள், தலையாட்டிவிடுவார். திரும்பும்போதும் இதே கவனம் வேண்டும். கெய்செய் நரிட்டாவிலிருந்து ஷிபயாமா-சியோடா என்று போட்ட ரயிலும் கிளம்பும். அது உங்கள் டெர்மினலுக்குப் போகாது. ஹிகாஷி நரிட்டா என்ற, ஒரு காலத்தில் விமான நிலைய ஸ்டேஷனாக இருந்து 1991-க்குப் பிறகு அந்த வேலையை இழந்த இடத்தின் வழியாகப் போகும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஓமோடேசாண்டோ என்ற கடைத்தெரு. ஏறக்குறைய 800 மீட்டர், வளைந்து வளைந்து கோயிலை நோக்கி இறங்கும். இருபுறமும் மரக் கட்டடங்கள், அரிசி அப்பளம் போன்ற செம்பே சுடும் கடைகள், ஊறுகாய்க் கடைகள். ஆனால் இந்தத் தெருவின் பெருமை விலாங்கு மீன். 1910-இல் தொடங்கிய கவாதோயோ கடையில் தெருவைப் பார்த்தபடி பலகை போட்டு உட்கார்ந்து மீன் அறுப்பார்கள். நழுவும் விலாங்கைப் பிடித்துப் பலகையில் வைத்து, தலையில் ஒரு ஊசியைக் குத்தி நிறுத்தி, முதுகுப் பக்கமாக ஒரே இழுப்பில் கத்தியை ஓட்டுவார்கள். முள் தனியாக வந்துவிடும். பிறகு கம்பியில் கோத்து, ஆவியில் வேகவைத்து, சோயா கலந்த இனிப்புச் சாற்றில் தோய்த்துக் கரியில் வாட்டுவார்கள். அந்தப் புகை தெரு முழுக்க இருக்கும். விலை ஆயிரக்கணக்கான யென் ஆகும், மதிய நேரத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டியும் வரும். மீன் சாப்பிடுகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அசைவம் தொடாதவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்வதுதான் நல்லது. காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் நூடுல்ஸிலும்கூட மீன் சாறுதான் அடிப்படை.

தெரு முடிகிற இடத்தில் நரிட்டாசான் ஷின்ஷோஜி. 940-இல் தொடங்கிய கோயில் என்பது அவர்கள் மரபு. தாய்ரா நோ மசகாடோ என்ற தலைவன் கிழக்கில் கலகம் செய்தபோது, அதை அடக்க வேண்டிக்கொள்ளும்படி கான்சோ என்ற துறவியைச் சக்கரவர்த்தி அனுப்பினார். அந்தத் துறவி கியோட்டோ பக்கமிருந்து ஃபுடோ மியோ-ஓ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலையைக் கடல்வழியாகக் கொண்டுவந்து இங்கே இருபத்தொரு நாள் தீ வளர்த்தார் என்கிறார்கள். அந்தத் தீ வழிபாடு இன்றும் பெரிய மண்டபத்தில் தினமும் பல வேளை நடக்கிறது. கட்டணம் இல்லை. செருப்பைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்காரலாம். பெரிய முரசு அதிரும், துறவிகள் வரிசையாக வருவார்கள், நடுவில் சமித்து அடுக்கித் தீ மூட்டி மந்திரம் சொல்வார்கள். நம் வீட்டு ஹோமத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அங்கே எதுவும் அந்நியமாகத் தெரியாது. அந்த வேர் உண்மையிலேயே இந்தியாவில்தான் இருக்கிறது. இந்தக் கோயில் சார்ந்த ஷிங்கோன் பௌத்த மரபினர் தங்கள் குரு பரம்பரையில் வைத்து வணங்கும் வஜ்ரபோதி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடல் கடந்து சீனா போனவர். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வழிபாட்டு நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் கோயிலின் தளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த ஒன்றைத் தவறவிடாதபடி மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே 1712-இல் கட்டிய மூன்றடுக்கு கோபுரத்தின் அடியில் நின்று மேலே பாருங்கள். கூரையின் அடிப்பக்கம் முழுக்க வண்ணத்தில் மேகமும் அலையும். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. பின்னால் பெரிய பூங்கா இருக்கிறது, நேரம் இருந்தால் நடக்கலாம். ஜனவரி முதல் மூன்று நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். அந்த மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் வரும் கோயில் இது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், கடைகளும் ஐந்து மணிவாக்கில் சாத்தத் தொடங்கிவிடும். மாலையில் இறங்கி இரவில் ஏறுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கைப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே போகிறீர்கள் என்றால் ஜப்பான் சுங்கத்தைத் தாண்டுகிறீர்கள். பழம், கறிவேப்பிலை, இறைச்சி எதுவும் கைப்பையில் இருக்கக் கூடாது. சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. மருத்துவர் சீட்டோடு வழக்கமான மாத்திரைகளை மட்டும் எடுத்துப் போங்கள். கனமான பையை விமான நிலைய லாக்கரில் வைத்துவிடலாம். பாஸ்போர்ட்டை லாக்கரில் வைக்கக் கூடாது. வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நரிட்டா ஊரில் வாங்கும் சாக்கே என்ற அரிசி மது பாட்டிலும் நீர் ததும்பும் ஊறுகாயும் திரும்பும்போது பாதுகாப்புச் சோதனையில் நிற்கும். உங்கள் பெட்டிதான் ஏற்கெனவே போய்விட்டதே, அதில் போடவும் முடியாது.

அப்புறம், நடுவில் காத்திருக்கும் லேஓவர் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றாலோ, கைக்குழந்தையோடோ முழங்கால் வலியோடோ தனியாக வருகிறார்கள் என்றாலோ, வெளியே போகும் பேச்சையே நான் எடுப்பதில்லை. நரிட்டாவில் இமிக்ரேஷனுக்கு உள்ளேயே கட்டணக் குளியலறையும் சிறு ஓய்வறைகளும் இருக்கின்றன. நீண்ட பறப்புக்கு நடுவில் வெந்நீரில் குளித்து, ஒன்றரை மணி நேரம் காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தால் அவர்களுக்கு அது போதும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய டெர்மினலை டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன்.