டபுள் ஸ்டாண்டர்டு: இரட்டை அளவுகோலும் ஓரவஞ்சனையும்

ஆளைப் பார்த்து விதியை மாற்றுவதை டபுள் ஸ்டாண்டர்டு என்கிறோம். ஸ்டாண்டர்டு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் படை திரள்வதற்காகப் போர்க்களத்தில் நட்ட கொடியைக் குறித்தது. அப்புறம் அரசு அங்கீகரித்த எடை, அளவுக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டில் பொன், வெள்ளி இரண்டையும் நாணயத்துக்கு அடிப்படையாக வைக்கும் முறைக்கு டபுள் ஸ்டாண்டர்டு என்று பெயர். அதில் வசைப்பொருள் இல்லை. ஆணுக்கு ஒரு ஒழுக்கம், பெண்ணுக்கு ஒன்று என்பதைக் கண்டிக்கும் சொல்லாகப் புழங்கியபோதுதான் இன்றைய பொருள் நிலைத்தது.

இந்தச் சொல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதியிலும் இருக்கிறது. ‘நோ டபுள் ஸ்டாண்டர்டு’ என்பதே அந்த விதியின் பெயர். அதற்குப் பின்னால் 270 உயிர்கள் இருக்கின்றன.

1988 டிசம்பர் 5 அன்று பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி மிரட்டல் வந்தது. பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும், பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் குண்டு வைக்கப்படும் என்றது அந்தக் குரல். தகவல் விமான நிறுவனங்களுக்குப் போனது. டிசம்பர் 13 அன்று மாஸ்கோ தூதரகத்தில் ஊழியர்களுக்கான அறிவிப்பாகவும் ஒட்டப்பட்டது. மிரட்டல் விவரத்தைச் சொல்லிவிட்டு, பயணத் திட்டத்தை மாற்றுவதா, வேறு அமெரிக்க விமான நிறுவனத்துக்கு மாறுவதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்றது அந்தத் தாள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பொதுமக்களுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் ஊரில் 11 பேரும் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் வெளிநாட்டில் படித்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த சிராக்யூஸ் பல்கலைக்கழகத் திட்ட மாணவர்கள். ஹெல்சிங்கி மிரட்டலுக்கும் இந்தக் குண்டுக்கும் தொடர்பில்லை என்று பின்னர் விசாரணையாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதனால் குடும்பங்களின் கேள்வி பொய்யாகிவிடாது. ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பைச் சிலருக்கு மட்டும் கொடுத்தது யார்? அவர்கள் விடாமல் போராடினார்கள். 1990இல் வந்த விமானப் பாதுகாப்புச் சட்டம், பொறுக்கியெடுத்த சில பயணிகளுக்கு மட்டும் எச்சரிக்கை தருவதைத் தடுத்தது. தன் ஊழியர்களுக்குச் சொல்லும் ஆபத்தைத் தன் பொதுமக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது வெளியுறவுத் துறையின் விதியானது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? விதியைப் பற்றி எழுதும்போது ‘இரட்டை அளவுகோல்’ கச்சிதம். ஸ்டாண்டர்டின் அளவுப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ‘இரட்டை வேடம்’ வேண்டாம், அது பாசாங்கைக் குறிப்பது. மாஸ்கோவில் அந்தத் தாளை ஒட்டியவர்கள் வேடம் போடவில்லை, தங்கள் ஆட்களை மட்டும் நினைத்தார்கள். அந்தச் செயலுக்கு நம்மிடம் ‘ஓரவஞ்சனை’ இருக்கிறது. ‘ஓரம்’ என்பதற்கே ஒரு பக்கம் சாய்தல் என்ற பொருள் உண்டு. வழக்கில் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்வதை ‘மன்றோரம்’ என்கிறது நல்வழி. பேச்சில் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்போம். பிள்ளையை இழந்த பெற்றோரின் கோபத்தை எழுத எனக்கு ‘ஓரவஞ்சனை’தான் பொருத்தமாகப் படுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விதி சமன்செய்தது அமெரிக்க அதிகாரியையும் அமெரிக்கக் குடிமக்களையும்தான். பான் ஆம் 103இல் பிற நாட்டவர்களும் இருந்தார்கள்.