எல்லை தாண்டிய பயிற்சிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறைப் பயிற்சி மானியத்துக்காக ஒரு வழக்கறிஞர் சங்கம் எழுதிய வரைவை நேற்று இரவு படித்து முடித்தேன். முப்பது வழக்கறிஞர்கள், மூன்று நாள், வேறொரு நாட்டின் கடலோர நகரம். பாடம் எடுப்பது அந்த வழக்கறிஞர்களின் சொந்த நாட்டுப் பேராசிரியர்கள், தங்கள் மொழியிலேயே. 'எல்லை தாண்டிய தன்மை' என்ற தலைப்பின் கீழ் விமானக் கட்டணத்தைப் போட்டிருந்தார்கள். இதே மாதிரி வரைவு இந்த ஆண்டில் எனக்கு வருவது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, உங்கள் ஊர் மண்டபத்தில் சொல்லிக்கொடுப்பதையே வெளிநாட்டு விடுதியில் சொல்லிக்கொடுத்தால் அது எல்லை தாண்டிய பயிற்சி ஆகிவிடாது. எல்லை தாண்ட வேண்டியது பாடமும் கற்பவர்களும். ஐரோப்பிய விசாரணை ஆணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் வந்த சட்டம் அது. ஒரு நாட்டு நீதிபதி இன்னொரு நாட்டிலிருந்து சாட்சியம் கேட்பதற்கான படிவம் அதில் இருக்கிறது. பெற்றவர்கள் 30 நாளுக்குள் ஏற்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும், ஏற்றால் பொதுவாக 90 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வேலை எங்கே தேங்குகிறது? எழுதியவர் மனதில் இருந்ததைப் படித்தவர் புரிந்துகொள்ளாத இடத்தில்தான். அந்தப் படிவத்தை லிஸ்பன் நீதிபதி எழுத, வார்சாவில் அதைக் கையில் வாங்கப்போகிறவர் அதே மேசையில் உட்கார்ந்து "இப்படி எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று சொல்ல வேண்டும். பயிற்சி என்பது அது. இருவரும் திரையில் சந்தித்தால் யாரும் விமானம் ஏறாமலே எல்லை தாண்டியாயிற்று. முப்பது பேர் பெட்டி கட்டிக்கொண்டு போனாலும், அறைக்குள் ஒரே நாட்டுக்காரர்கள் என்றால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை என்றுதான் மதிப்பீட்டாளர் படிப்பார்.

மதிப்பெண் கணக்கும் அப்படித்தான். மொத்தம் 100. பொருத்தம் என்ற பகுதிக்கு மட்டும் 40, அதில் 25 வராவிட்டால் மற்ற பகுதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உதவாது. மொத்தத்தில் குறைந்தது 70 வர வேண்டும். சுற்றுலா வரைவுகள் விழுவது அந்த முதல் 40-லேயே.

அடுத்த குழப்பம், இதைத் தனிநபர் உதவித்தொகை என்று நினைப்பது. இளம் வழக்கறிஞர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. இந்த மானியம் நிறுவனங்களுக்குத்தான். மானியம் தரும் ஐரோப்பிய ஒன்றிய நீதித் திட்டத்தில் பங்கேற்கும் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த குறைந்தது இரண்டு நிறுவனங்கள் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். நீதிபதியோ அரசு வழக்கறிஞரோ தனியாக வெளிநாட்டு நீதிமன்றத்தில் சில நாள் இருந்து கற்க விரும்பினால், ஐரோப்பிய நீதித்துறைப் பயிற்சி வலையமைப்பின் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. அதற்குத் தன் நாட்டுப் பயிற்சி நிறுவனத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். (டென்மார்க் கூட்டாளியை 'இரண்டாவது நாடு' என்று காட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நாடு நீதித் திட்டத்திலேயே இல்லை.)

பணம் கொட்டிக் கிடக்கிறது என்ற நினைப்பும் வேண்டாம். 2021 முதல் 2027 வரையிலான நீதித் திட்டம் முழுவதற்கும் சுமார் 30.5 கோடி யூரோ. நீதித்துறை ஒத்துழைப்பு, மக்கள் நீதியை எட்டுவதற்கான பணிகள், பயிற்சி மூன்றும் அதில்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிடைத்தாலும் செலவில் அதிகபட்சம் 90 விழுக்காடுதான். மீதி பத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று வரைவு தொடங்கும் முன்பே பொருளாளரிடம் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான்.

கூட்டாளியை கடைசி வாரத்தில் தேடாதீர்கள். தயவுசெய்து. "ஒரு கையெழுத்து மட்டும் போதும்" என்று வந்த கூட்டாளி, திட்டம் தொடங்கியதும் பங்கேற்பாளர்களை அனுப்ப மாட்டார். "உங்களுக்கு என்ன பயிற்சி தேவை?" என்று அவரிடம் கேட்டு, பதிலை வரைவில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவைச் சேருங்கள். வரைவுக்கு வரைவு விட்டுப்போவது அதுதான். நீதிபதிகளை வரவழைப்பதென்றால் அவர்களை வழக்குப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். விருப்பம் இருந்தும் அனுமதி கிடைக்காமல் காலியாகக் கிடந்த நாற்காலிகள் எனக்கு நினைவிருக்கின்றன.

அப்புறம், கடைசி நாள் மாலை 5 மணி என்றால் அது பிரஸ்ஸல்ஸ் நேரம். லிஸ்பனில் அப்போது மணி 4.