தமிழ்த் தலைப்பும் தானாக மூடிக்கொள்ளும் இசை நூலகமும்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் பதிவான தெருக்கூத்து ஒலிநாடாக்களை எம்பி3 கோப்புகளாக மாற்றி வைத்திருக்கும் குடியாத்தத்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவற்றைக் கணினியின் இசை நூலக மென்பொருளில் சேர்க்கும்போதெல்லாம் அது பாதியில் தானாக மூடிக்கொள்கிறதாம். தமிழில் பெயர் வைத்ததுதான் காரணம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். தமிழின்மீது குற்றமில்லை. ஆனால், மென்பொருளில் ஒளிந்திருக்கும் ஒரு பிழையைத் தமிழ்த் தலைப்பு வெளியே இழுத்துவிடக்கூடும்.

கோப்பைச் சேர்க்கும்போது மென்பொருள் ஒலியைக் கேட்பதில்லை. தொடக்கத்தில் உள்ள ஐடி3 என்னும் டேக்கை, அதாவது கோப்பைப் பற்றிய விவரக் குறிப்பைத்தான் படிக்கிறது. தலைப்பு, பாடியவர் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். 1999-இல் வந்த 2.3 பதிப்பில் இந்த நீளம் சாதாரண எண். 2000-இல் வந்த 2.4 பதிப்போ ஒவ்வொரு பைட்டிலும் உள்ள எட்டு பிட்டுகளில் (0 அல்லது 1 என்னும் இலக்கங்களில்) ஏழை மட்டுமே பயன்படுத்தி, உச்சி பிட்டை எப்போதும் சுழியமாக விட்டது. எம்பி3-இல் ஒவ்வொரு ஒலித்துண்டும் தொடர்ச்சியான பதினொரு ஒன்றுகளுடன் தொடங்குகிறது. டேக் என்றால் என்னவென்றே அறியாத பழைய கருவி, நீளத்தைக் குறிக்கும் எண்ணை ஒலியென்று மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தனக்கு முன் பிறந்த கருவிகளையும் மனத்தில் வைத்து ஒரு முறையை வகுத்த அந்த அக்கறை என்னைப் பெரிதும் கவர்கிறது.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. 200 என்ற நீளத்தைப் புதிய முறையில் எழுதினால் கடைசி இரு பைட்டுகள் 1, 72 (128 + 72) ஆகும். பிழையுள்ள மென்பொருள் அதையே பழைய முறையில் படித்தால் 256 + 72, அதாவது 328. நீளம் 127 வரை இரு முறைகளும் ஒன்றுபோலவே இருப்பதால், சிறிய ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்; புள்ளியும் உயிர்மெய்க் குறியீடுகளும்கூடத் தனித்தனிக் குறிகளே. ஆறே எழுத்துகளாகத் தெரியும் ‘தெருக்கூத்து’ உள்ளே பன்னிரண்டு குறிகள், 36 பைட்டுகள். 43 குறிகளிலேயே எல்லை தாண்டிவிடும். கூத்தின் பெயர், குழு, ஊர், பகுதி எண் எல்லாம் சேர்ந்த தலைப்புக்கு இது மிக எளிது.

தாண்டியபின், குறைந்தது 128 பைட்டுகள் தள்ளிப்போய் விழும் மென்பொருள், அங்கே கிடக்கும் எழுத்துகளையே அடுத்த நீளமென்று நம்புகிறது. ஒரு தமிழ் எழுத்தின் தொடக்கத்தில் விழுந்தால் அந்த எண் 376 கோடியைத் தாண்டும். சில மெகாபைட் கோப்பில் அத்தனை பைட்டுகளைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை அது தொட்டதும், இயங்குதளம் அதை நிறுத்திவிடுகிறது. எந்த நீளத்தையும் கோப்பின் அளவோடு ஒப்பிட்ட பிறகே நம்பும் மென்பொருளுக்கு இந்தக் கதி நேராது. எழுத்துருக்களுக்கு நிதி ஒதுக்கும் அமைப்புகள், நீண்ட தமிழ்த் தலைப்புகளைக் கொண்டு மென்பொருள்களைச் சோதிக்கவும் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் முதலில் மென்பொருளைப் புதுப்பிக்கட்டும். அப்போதும் மூடிக்கொண்டால், கோப்புகளின் நகலை இரு பாதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, சிக்கல் தரும் பாதியை மீண்டும் பிரித்துக்கொண்டே போகலாம். பிழையான கோப்பு ஒன்றே என்றால், 4,096 கோப்புகளுக்குக்கூடப் பன்னிரண்டு முறை பிரித்தால் போதும். அகப்பட்ட கோப்பின் டேக்கை அழித்துவிட்டு, டேக் திருத்தும் மென்பொருளில் 2.3 பதிப்பையும் யுடிஎஃப்-16 முறையையும் தேர்ந்தெடுத்துத் தலைப்பைத் தமிழிலேயே மறுபடி எழுதலாம். டேக்கை அழிப்பதால் கூத்தின் ஒலி சிறிதும் மாறாது.