மேனுமேட்டிக்: தானியங்கி காரில் கைத்தெரிவு

பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் லீவர் பக்கத்தில் பி, ஆர், என், டி (நிறுத்தம், பின்னோட்டம், நடுநிலை, ஓட்டம்) என்ற எழுத்துகளுக்கு அப்பால் எம் என்று ஒரு எழுத்தோ, பிளஸ் மைனஸ் குறிகளோ இருக்கும்; பிளஸ் மேல் கியருக்கு, மைனஸ் கீழ் கியருக்கு. சில கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு சிறிய தகடுகள் இருக்கும். வண்டி தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் என்றாலும், இப்போது இந்த கியர்தான் வேண்டும் என்று ஓட்டுபவர் சொல்ல வைத்த வழி இது. ஆங்கிலத்தில் இதற்குப் பொதுப்பெயர் மேனுமேட்டிக். சேலத்தில் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் அரிது. "எம்-ல போடு", "மேனுவலுக்கு மாத்து", "மைனஸ் தட்டு" என்றுதான் பேச்சு. ஏற்காடு ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த எழுத்து எதற்கு என்று தெரிந்திருப்பது அவசியம். அதற்கு ஒரு சரியான தமிழ்ப்பெயரும் வேண்டும்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டியதுதான் மேனுமேட்டிக். மேனுவலின் வேர் லத்தீனில் கையைக் குறிக்கும் மானுஸ். ஆட்டோமேட்டிக் கிரேக்கத்து ஆட்டோமாட்டோஸ் என்பதிலிருந்து வந்தது. தானாகவே செயல்படுவது என்று பொருள். அதில் 'தான்' என்பதைச் சுமப்பது முன்பாதியான ஆட்டோ. பின்பாதிக்கு எண்ணம், மனம் சார்ந்த வேர் என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். கார்த் தொழிலில் பின்பாதி தனியாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொடுத்த தானியங்கி கியர்பாக்ஸின் பெயர் ஹைட்ரா-மேட்டிக். அதன்பின் 'மேட்டிக்' என்று முடிந்தாலே தானியங்கி என்று ஆனது. மேனுமேட்டிக்கில் 'தான்' வெட்டுப்பட்டு அந்த இடத்தில் 'கை' உட்கார்ந்திருக்கிறது.

இதே பெயர் 1950களில் பிரிட்டனில் வேறொன்றுக்கு இருந்தது. கிளட்ச் மிதி இல்லாமல், கியரை மட்டும் கையால் மாற்றும் ஓர் ஏற்பாடு அது. இன்றைய பொருளில் இந்த வசதியைப் புகழ்பெறச் செய்தது போர்ஷே நிறுவனம். 1990 மாடல் 911 காரில் வந்த டிப்ட்ரானிக் என்ற பெயர், லேசாகத் தட்டுவதைக் குறிக்கும் டிப்பென் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து எடுத்தது. பிஎம்டபிள்யூ ஸ்டெப்ட்ரானிக் என்றது, கிரைஸ்லர் ஆட்டோஸ்டிக் என்றது. எல்லாம் வணிகப் பெயர்கள்.

இனி தமிழுக்கு வருவோம். கியருக்கு பற்சக்கரம், பல்லிணை என்று இரண்டு சொற்கள் உண்டு. பற்சக்கரம் என்றால் பல் வைத்த ஒற்றைச் சக்கரம். "செகண்டு கியர்" என்று நாம் சொல்வதோ ஒரு சக்கரத்தை அல்ல, ஒன்றோடொன்று பல் கோத்து ஓடும் அமைப்பின் ஒரு விகிதத்தை. அதற்குப் பல்லிணையே பொருந்தும். ஆட்டோமேட்டிக்குக்குத் தானியங்கி என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. சிக்கல் மேனுவலில்தான். கைமாற்றம் என்று சொல்லிப் பார்த்தால், கைமாற்றாக வாங்கிய கடன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கைமுறை, கையியக்கம் என்றும் சொல்லலாம். ஆனால் அவை உண்மையில் கைகொண்டு மாற்றும் சாதாரண கியர் வண்டிக்கு உரியவை.

தமிழில் இயங்குதல் வேறு, இயக்குதல் வேறு. தானே இயங்குவது தானியங்கி. கிளட்சை மிதித்து, லீவரைத் தள்ளி, கியரைக் கோத்து நாம் செய்வது இயக்குதல். எம்-இல் வைத்து மைனஸைத் தட்டும்போது நாம் எதை இயக்குகிறோம்? எதையும் இல்லை. ஒரு விருப்பத்தைச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஓட்டலில் ரோஸ்ட் என்று சொல்வது நாம். மாவு ஊற்றுவதும் எடுப்பதும் மாஸ்டர். இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பெட்டியில் எண்ணெய் அழுத்தத்தால் பிடித்து விடும் கிளட்சுகள் உள்ளே அந்த வேலையைச் செய்கின்றன. நம் கை செய்வது தெரிவு மட்டும். அதனால் இதைக் கைத்தெரிவு என்பதே என் பரிந்துரை. அந்த வசதி உள்ள பெட்டி, கைத்தெரிவுத் தானியங்கி.

தெரிவு என்பதில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. நாம் கேட்பதை வண்டி மறுக்கலாம். எண்பதில் போய்க்கொண்டே முதல் கியரைக் கேட்டால் கொடுக்காது. கொடுத்தால் இன்ஜின் தாங்கும் சுற்றைத் தாண்டிவிடும். பல கார்களில், சுற்று எல்லையைத் தொட்டால் நம்மைக் கேட்காமலே மேல் கியருக்குப் போய்விடும். நின்றுவிட்டால் தானே முதலுக்கு இறங்கிக்கொள்ளும்.

சரி, தானே செய்யத் தெரிந்த பெட்டிக்கு நம் தெரிவு எதற்கு? பெட்டிக்கு வேகம் தெரியும், நாம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியும். சில புதிய பெட்டிகளுக்குச் சரிவும் தெரியும். பெரும்பாலான கார்களில், முன்னால் வரும் வளைவைப் பார்ப்பது நம் கண் மட்டுமே. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும்போது நாம் காலை எடுத்தால், பெட்டி அதை ஓய்வு என்று எண்ணி மேல் கியருக்குப் போகும். வளைவின் நடுவில் மிதித்தால், ஒரு கணம் யோசித்துக் கீழே வரும். அந்த ஒரு கணத்தில் வண்டி தள்ளாடும். இரண்டாவதைத் தெரிவு செய்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு. 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 1.47 கோடி ஜூல். நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும். மிச்சத்தை யாராவது வாங்கியாக வேண்டும். டி-யில் வைத்து பிரேக்கை மட்டும் நம்பினால் பெரும்பங்கு பிரேக் தட்டுக்குத்தான் போகும். டாட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நாள்பட்டபின் அது 140 ஆகிவிடலாம். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தொளதொளவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. தாழ்ந்த கியரில் இருந்தால், காலை எடுத்தவுடன் சக்கரமே இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல் இன்ஜினில், மூடிய த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) வழியாகக் காற்றை இழுக்கும் பாடும் உள் உராய்வும் சேர்ந்து வண்டியைப் பிடித்து வைக்கும். இதைத்தான் டிரைவர்கள் "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு" என்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் அந்த அறிவுரையை நிறைவேற்றும் இடம் பெரும்பாலும் எம்தான். வாடகைக்கு எடுத்த காரென்றால், முன்னால் தள்ளினால் பிளஸா மைனஸா என்று அடிவாரத்திலேயே பார்த்துவிடுங்கள்; கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து நம் ஊரில் பரவிய ஏஎம்டி, உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ இயக்குகிறது. அதிலும் எம் உண்டு, கைத்தெரிவு என்ற பெயர் அப்படியே பொருந்தும். சிவிடியில் பல்லிணைப் படிகளே இல்லை. பெல்ட்டோ சங்கிலியோ கூம்புத் தட்டுகளுக்கு இடையில் ஏறி இறங்கி விகிதத்தை மாற்றும். அங்கே காட்டும் ஆறு, ஏழு கியர்கள் மென்பொருள் குறித்துவைத்த நிறுத்தங்கள். எம் இல்லாத சிவிடி வண்டியில் எல் (லோ) அல்லது எஸ் (ஸ்போர்ட்) இருந்தால் இறக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்.

ஸ்டியரிங் பின்னால் இருக்கும் பேடிலைத் துடுப்பு என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கிறேன். துடுப்பு ஏற்காடு ஏரிப் படகில் இருக்கட்டும். விரலால் தட்டும் விசை இது. விரல்விசை என்றால் கேட்டவுடன் புரியும்.

மின்கார்களிலும் இதே விரல்விசை வருகிறது. ஆனால் பெரும்பாலான மின்கார்களில் ஒரே விகிதம்தான், தெரிவு செய்ய கியர் கிடையாது. அங்கே அது மாற்றுவது, மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியைப் பிடிக்கும் அளவை. மீள்மின் தடுப்பு என்று அதைத் தனியாகச் சொல்வதே சரி. பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தத் தடுப்பு குறைந்துவிடும், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. ஏற்காட்டில் இரவு தங்கி சார்ஜ் போடுகிறவர்கள் நூறு சதவீதம் நிரப்பாமல் கொஞ்சம் குறைவாகவே நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது.