களிம்பைத் தேய்த்து எடுக்காதீர்கள்

ரோமானியர் ஆண்ட எகிப்தின் நகை என்றாலே, மம்மிகளின் முகத்தில் பொருத்திய ஃபாயூம் ஓவியங்களில் தெரியும் தங்கமும் முத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சாதாரண மக்களின் கையில் கிடந்ததோ செம்பும் வெண்கலமும் இரும்பும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1935 வரை தோண்டிய கரானிஸ் ஊரின் வீடுகளிலும் அப்படிப்பட்ட நகைகள் கிடைத்தன.

உலோகப் பொருள்களைப் பேணுவது என் வேலை. இந்தச் செப்பு நகைகளில் சில, எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்த பிறகுதான் எங்களிடம் வருகின்றன. பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏனென்றால், செம்பின்மேல் படியும் பச்சை அரிப்பான களிம்புக்கு உள்ளேதான் விஷயமே இருக்கிறது. கி.பி. 300-ஐ ஒட்டி எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட லைடன் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுவடி, மலிவான உலோகத்தை வெள்ளி போலவும் தங்கம் போலவும் காட்டும் வழிகளை வரிசையாகச் சொல்கிறது. போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் அதிலேயே உண்டு: தங்கத்தை உருக்கிச் சூடாக்கு, நிறம் மாறாவிட்டால் சுத்தம், வெளுத்தால் வெள்ளி கலந்தது. அந்தக் காலப் பொற்கொல்லர் செம்பின்மேல் ஏற்றிய பூச்சு மிக மெல்லியது. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் அது களிம்போடு ஒட்டிப்போயிருக்கும். புளியோ எலுமிச்சையோ பட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். பிணத்தைச் சுற்றிய துணியின் நெசவுகூடச் சில நகைகளின் களிம்பில் அச்சாகப் பதிந்திருக்கும். அது போனால் திரும்பாது.

உப்பு இன்னும் மோசம். எகிப்து மண்ணின் உப்பிலிருந்து குளோரைடு ஏற்கெனவே செம்புக்குள் புகுந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அது செம்பை அரிக்கத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் இந்த அரிப்பைத்தான் வெண்கல நோய் என்கிறோம். கெட்டியான, அடர்ந்த பச்சைக் களிம்பைக் கண்டு பயப்பட வேண்டாம். தொட்டால் பொடியாக வரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் ஆபத்து.

சரி, அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால்? வெறுங்கையால் எடுக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானியும் இருக்கட்டும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். கடலோர ஊர்களில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பொடி தெரிந்தால் அந்த நகையைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, துடைக்காமல் அப்படியே பேணுநரிடம் கொண்டுபோங்கள்.